பல் பதிந்த டேப்பு

கும்மிடிப்பூண்டியில் ஒருவன் குளிருது என்றால் முதலில் தெர்மாமீட்டரைத்தான் தேடுவார்கள். சாலமோனுக்கும் தேடினார்கள். காய்ச்சல் இல்லை. ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையின் உருக்கு உலைக்கு எதிரே இருபத்தாறு வருடம் நின்றவன் அவன். ஆலையை இழுத்து மூடிய பிறகு வந்த முதல் மார்கழியில், முதுகில் யாரோ ஈரத்துணியைப் போர்த்தியதுபோல் ஒரு குளிர் வந்து உட்கார்ந்தது. ஊரே மின்விசிறியைப் போட்டுக்கொண்டு தூங்க, இவன் சாக்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அந்த நேரத்தில்தான் ஹீட்டர் வந்தது. ஓசூரில் வாழ்க்கைப்பட்ட மகள் ஏஞ்சலின் பிரசவத்துக்கு வரும்போது கொண்டுவந்த சாமான்களில் அதுவும் ஒன்று. முறம் அளவுதான் இருக்கும். உள்ளே கம்பி சிவக்கும், பின்னால் விசிறி ஓடும், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டும். பெண் குழந்தை பிறந்தது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. வீட்டில் இருந்ததோ ஒரே அறை. அறையின் மூலையில் கொக்கி மாட்டி, ஞானம்மா தன் பழைய நூல் புடவையில் தூளி கட்டிவைத்தாள். அதுவரைக்கும் ஹீட்டர் சாலமோனுக்கு.

ஏஞ்சலின் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பாடம் எடுத்தாள்.

"எப்பா, துணிமணிலேர்ந்து மூணடி தள்ளி வை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருவாத, செவுத்து பிளக்குலயே சொருவு. ஜன்னல கொஞ்சம் தொறந்து வை. தூங்கசொல்ல ஆஃப் பண்ணிடு."

"ஆயிரத்தி அறநூறு டிகிரி கூட குடித்தனம் பண்ணவன்மா நானு. இந்த டப்பாவுக்குப் போயி கிளாஸ் எடுக்கறியே."

"டப்பாதான. அப்ப சொன்னத செய்யி."

செய்யவில்லை. காரணம் ஹீட்டரின் அடியில் இருந்த ஒரு சின்னப் பொத்தான். பெட்டி சாய்ந்தாலோ தரையைவிட்டு எழும்பினாலோ பொத்தான் வெளியே வரும், கரண்ட் நின்றுவிடும். அந்த அறையின் டைல்ஸ் மேடும் பள்ளமுமாக இருக்கும். தலையை ஆட்டும்போதெல்லாம் பெட்டி லேசாகத் தூக்கிக்கொள்ளும், 'டக்' என்று அணையும். நாலு தரம் பொறுத்தான். ஐந்தாவது தரம் கறுப்பு டேப்பை இழுத்து, பல்லால் கடித்து அறுத்து, பொத்தானை அமுக்கி ஒட்டினான். ஆலையில் எல்லோரும் செய்கிற வைத்தியம்தான். வேலையைத் தடுக்கிற சுவிட்சுக்கு ஒரு டேப்பு. அதற்கு மறுநாள் பாதுகாப்பு வார விழா, உறுதிமொழி, ஜிலேபி.

பாதி வாழ்க்கை நைட் ஷிஃப்ட்டிலேயே போனதால் சாலமோனுக்குப் பகலில்தான் தூக்கம். வெளிச்சம் வராமல் இருக்க ஜன்னலில் ஒரு ஃப்ளெக்ஸைக் கட்டியிருந்தான். ஆலை தூக்கிப்போட்ட பாதுகாப்பு வார பேனர் அது. படம் தெருவைப் பார்த்திருந்தது. ஆனால் மூன்று மணி வெயில் ஏறினால், ஹெல்மெட் போட்டுக் கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கிற ஓர் ஆள், இடம் வலம் மாறி, அறைக்குள் தெரிவான். அவன் பெயர் தானியேல். படம் எடுத்த ஆறாவது மாதம் கிரேனிலிருந்து அறுந்து விழுந்த, பழைய இரும்பு அள்ளும் கூடைக்கு அடியில் நசுங்கிப் போனவன். ஏழு வருடம் ஆகிறது.

ஹீட்டரை வைத்த மறுநாளே ஞானம்மாவுக்கும் சாலமோனுக்கும் தகராறு. கட்டிலிலிருந்து நாலு டைல்ஸ் தள்ளி வைத்த பெட்டி, அவன் தூங்கி எழும்போது மூன்றாவது டைல்ஸில் இருந்தது.

"ஏம்மே தள்ளின?"

"நானா? துணி தொவச்சிகினு இருந்தேன்யா. நீயே குளுருதுன்னு தூக்கத்துல இழுத்துகினு இருப்ப."

"கண்ண மூடினா நான் பொணம்."

"அத நான் சொல்லணும்."

மூன்றாம் நாள் அது இரண்டாவது டைல்ஸுக்கு வந்துவிட்டது. சாயங்காலம் பாஸ்டர் வந்தார். வீட்டின் நான்கு மூலையிலும் நின்று ஜெபித்தார். ஹீட்டருக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் அதிகமாக ஜெபித்தார், அவருக்கும் குளிர்ந்திருக்கலாம்.

ஞானம்மாவுக்குக் கர்த்தர்மேல் நம்பிக்கை உண்டு, புருஷன்மேல் கிடையாது. செவ்வாய்க்கிழமை மதியம் அவன் படுத்ததும், பேத்திக்கு வாங்கிய பவுடர் டப்பாவை எடுத்து ஹீட்டரைச் சுற்றித் தரை வெளுக்கத் தூவினாள். கால் வைத்தால் தடம் விழும்.

மூன்று மணிக்கு அவள் கூப்பிட்ட குரலில் சாலமோன் எழுந்தான். ஜன்னலில் தானியேல் தெரிந்தான். தரையில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. பவுடருக்கு நடுவே இரண்டு கோடுகள் மட்டும் இழுபட்டிருந்தன. அவை கட்டிலை நோக்கி வந்து, பாதியில் திரும்பி, மூலைக்குப் போயிருந்தன. அங்கே தூளிக்கு அடியில் ஹீட்டர் சிவந்து, மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. புடவையின் விளிம்பு பழுப்பேறிக் கருகத் தொடங்கியிருந்தது.

தூளி காலியாகத்தான் இருந்தது. இன்னும் இரண்டு நாள்.

அவன் பிளக்கைப் பிடுங்கினான். காரணம் விளங்க அரை நிமிஷம் ஆகவில்லை. தண்ணீர் வழிய வேண்டும் என்று கொத்தனார் அறையின் தரைக்கு மூலையைப் பார்த்து வாட்டம் கொடுத்திருந்தார். தலையை ஆட்டும் பெட்டி அந்தச் சரிவில் நகர்ந்து நகர்ந்து போயிருக்கிறது. பொத்தான் மட்டும் சும்மா விடப்பட்டிருந்தால் முதல் மேட்டிலேயே அணைந்திருக்கும்.

பெட்டியைக் கவிழ்த்து டேப்பை உரித்தான். சூட்டில் அது இளகிப்போயிருந்தது. கடித்த விளிம்பில் வரிசையாகப் பல்தடம், நடுவில் மட்டும் அறுபடாத ஒரு சின்ன நாக்கு. அவனுக்கு மேல்வரிசையில் முன்பல் ஒன்று கிடையாது.

அதே நாக்கை அவன் முன்பும் பார்த்திருக்கிறான், பிளாஸ்டிக் உறைக்குள். கிரேன் கொக்கி அளவுக்குமேல் ஏறினால் நிறுத்துகிற சுவிட்ச் அடிக்கடி வேலையை நிறுத்தித் தொலைக்கிறது என்று, ஏணியில் ஏறி டேப்பு ஒட்டியவன் அவன்தான். தானியேல் போன அன்று கொக்கி நிற்கவில்லை, கம்பிக்கயிறு அறுந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி டேப்பை உறையில் போட்டு நம்பர் எழுதினார். எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். பேனர் படத்துக்குச் சொன்னதுபோல் யாரையும் சிரிக்கச் சொல்லவில்லை. நிற்கக் கூடாத இடத்தில் தானியேல் நின்றதாக எழுதி ஃபைலைக் கட்டினார்கள்.

"இன்னாய்யா, மூஞ்சி இப்பிடி ஆயிடிச்சி?" என்றாள் ஞானம்மா.

சொன்னான். அவள் கருகின விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "இந்தக் கையால பாப்பாவத் தூக்காத. மொதல்ல மீஞ்சூரு போயிட்டு வா," என்றாள்.

புதன்கிழமை காலை. மீஞ்சூரில் முத்தம்மா, தானியேலின் மனைவி, வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சாலமோன் ஹீட்டரிலிருந்து உரித்த டேப்பை ஒரு தாளில் ஒட்டிக் கொண்டுபோயிருந்தான்.

"இன்னாண்ணே இது?"

அவன் நடந்ததைச் சொல்லிவிட்டு வாயைத் திறந்து காட்டினான். அவள் டேப்பைப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள், மறுபடி டேப்பைப் பார்த்தாள்.

"எங்க நிக்கணும்னு தெரியாத மனுசன்னு ஏழு வருசமா அவர வஞ்சிகினு இருக்கேண்ணே," என்றாள். கீரைத் தட்டைத் தள்ளிவைத்து உள்ளே போய், பையனின் நோட்டும் பேனாவும் கொண்டுவந்தாள். "வாயத் தொறந்தது போதும். எழுதி, கையெழுத்துப் போடு."

போட்டான். வீட்டுக்கு வந்ததும் பேனரை அவிழ்த்து மடித்து வைத்தான். ஹீட்டருக்கு அடியில் மட்டம் பார்த்து ஒரு கடப்பைக்கல் பதித்தான். தூளியை எதிர்மூலைக்கு மாற்றினான். மகள் சொன்ன மூன்றடிக்குப் பதில் நாலடியாகவே அளந்தான்.

வியாழக்கிழமை குழந்தை வந்தது. மதியம் அவளுக்குத் துணிமாற்ற ஏஞ்சலின் ஹீட்டரைப் போட்டாள். மாற்றித் தூளியில் விட்டவள், அசதியில் அப்படியே கண் அயர்ந்துவிட்டாள். சாலமோன் கதவோரம் உட்கார்ந்திருந்தான், சாக்ஸோடுதான். குளிர் போகவில்லை. மூன்று மணி. தானியேல் இல்லாமல் ஜன்னல் வெறும் ஜன்னலாக, அரையடி திறந்திருந்தது.

'டக்.'

ஹீட்டர் தானாக அணைந்தது. சாயவில்லை, எழும்பவில்லை, மட்டக்கல்லின்மேல் வைத்தது வைத்தபடி இருந்தது. கரண்டும் போகவில்லை, பக்கத்து வீட்டு டிவி பாடிக்கொண்டிருந்தது.

சாலமோன் குனிந்து பொத்தானைப் பார்க்கவில்லை. "சரிப்பா," என்று ஜன்னல் பக்கம் சொல்லிவிட்டு, எழுந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கிவைத்தான்.