மந்திரியின் மகளிடம் சொல்லாதது

இத்தாலியில் ஒரு மந்திரியின் பதவி போனதற்கு நான் சொன்ன பொய்தான் காரணம். என் மனைவிக்குக்கூட இது தெரியாது.

எட்டாம் வகுப்போடு லால்குடியை விட்டுக் கிளம்பியவன் நான். எந்த ஊரிலும் தரித்ததில்லை. துபாயில் கம்பி கட்டினேன். பிறகு கள்ளத்தனமாக இத்தாலி போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு வக்கீல், தம் வயதான தாயைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்துக்கொண்டார். என்னைப்போல் வந்தவர்களுக்காகப் பீஸ் வாங்காமல் வாதாடியவர். வேலைக்குச் சேரும்போது, அந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி அட்டையைக் கேட்டார். கூட்டாளி ஒருவனுடையதைக் காட்டினேன். முகம் ஏறக்குறைய ஒத்துப்போனது. நம்பினார்.

சில வருடங்களில் அவர் தேர்தலில் ஜெயித்து மந்திரியானார். தாராளவாதக் கட்சி, வெளிநாட்டுக்காரனும் மனிதன்தான் என்று பேசுகிற கட்சி. எங்களுக்கெல்லாம் முறையான அனுமதி கிடைக்க ஒரு சட்டம் கொண்டுவரப் பாடுபட்டார்.

அப்போதுதான் அட்டை விஷயம் வெளியே வந்தது. போலீஸ் ஒரே கேள்வி கேட்டது. அது உன்னுடையது இல்லை என்று அவருக்குத் தெரியுமா?

தெரியாது என்றால் ஏமாற்றியவன் நான், ஜெயில். தெரியும் என்றால் குற்றம் அவருடையது.

"தெரியும்" என்றேன். எவ்வளவு எளிதாக வந்தது அந்தச் சொல்...

அவர் மறுத்தார். வேலைக்காரனுக்கு எதிராக மந்திரி பேசினால் யார் நம்புவார்கள்? பதவி போயிற்று. சட்டமும் போயிற்று. அங்கே என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த துறையூர்க்காரர்கள் இருவரும் அந்தச் சட்டத்தைத்தான் நம்பியிருந்தார்கள். போலீஸ் என்னை ஊருக்கு அனுப்பிவிட்டது.

இப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு மெஸ்ஸில் சாம்பார் வாளி தூக்குகிறேன். ஏழையைச் சுரண்டிய மந்திரியைக் கவிழ்த்தவன் என்று தெருவில் எனக்குப் பெயர். அந்தக் கதையைப் பரப்பியதும் நான்தான்.

போன மாசியில் அவரே வந்தார். அவருடைய தாயாரின் கட்டிலருகே நான் ஸ்ரீரங்கத்தைப் பற்றி அவ்வளவு பேசியிருந்தேன். என் பழைய படத்தைக் காட்டி ஆட்டோக்காரர்களிடம் விசாரித்து வந்திருந்தார்.

"யோவ், வாசல்ல ஒரு வெள்ளைக்காரர் உன்னைக் கேக்குறாரு" என்றார் மெஸ்காரர். "அங்க எவளையாவது கட்டிட்டு விட்டுட்டு வந்துட்டியா? பாத்தா மாமனார் மாதிரியில்ல இருக்காரு."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அவர் மொழியில் மெல்லச் சொன்னார்: தம் மகளும் வக்கீல்தான், தாம் தெரிந்தே ஓர் ஏழையை அனுமதி அட்டை இல்லாமல் வேலைக்கு வைத்திருந்ததாக எண்ணி, அன்றிலிருந்து தம்மோடு பேசுவதில்லை, பத்திரிகைக்கு எதுவும் வேண்டாம், நாளை ஹோட்டலுக்கு வந்து போனில் அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னால் போதும்.

வருகிறேன் என்றேன்.

வீட்டில் மனைவி கேட்டாள். "யாருங்க வந்தது?"

"அந்த மந்திரி."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தாராம்? அழுதார்னு இறங்கிப் போயிடாதீங்க. நீங்க ஒருத்தர்தான் தைரியமா நின்னீங்கன்னு எங்கப்பாகிட்ட அடிச்சுச் சொல்லித்தான் உங்களக் கட்டிக்கிட்டேன்."

காலையில் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். ஹோட்டல் எதிரிலேயே தெரிந்தது. துறையூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறினேன். மனைவியை இழந்துவிடுவேன் என்ற பயமா? தெருவில் இருந்த பெயரா? ஓடியே பழகிய கால்களா? எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளத்தானே இப்படிக் கேட்டுக்கொள்கிறேன்...

இரண்டு நாள் கழித்துத் திரும்பி ஹோட்டலுக்குப் போனேன். அவர் கொடுத்துவிட்டுப் போன என் பழைய படத்தை வைத்து, காவலாளி என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"உங்களுக்காகத்தாங்க உக்காந்திருந்தாரு. நீங்க வந்துட்டுப் போயிடுவீங்கன்னு சாப்பிடக்கூட வெளிய போகல. நேத்து ராத்திரி பிளைட்டாம், வேற வழியில்லாம கிளம்பினாரு. இந்தாங்க, அவர் பொண்ணோட நம்பர். உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு."

அந்த எண் என் போனில் இருக்கிறது. அவளிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு அவளைத் தெரியாது.