பேப்பர்காரரின் தராசு

கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்த கராஜுக்கு எதிரே, பழைய பத்திரிகையும் வெறும் போத்தலும் வாங்குகிற ஒருவர் தன் கைவண்டியை நிறுத்துவார். அவரிடம் கொக்கி வைத்த வில்தராசு ஒன்று இருந்தது. எண்கள் பாதி தேய்ந்து, முள் மட்டும் பளிச்சென்று தெரியும். மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து வந்து கிராண்ட்பாஸில் குடியிருந்தவர். எல்லோருக்கும் அவர் பேப்பர்காரர். நானும் அவர் பெயரைக் கேட்டதில்லை. இன்று என் சொந்த கராஜில் மூன்று டோர்க் ரெஞ்சுகள் இருக்கின்றன. குறித்த இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்லிவிடும். அன்று எங்களிடம் ஒன்றுகூட இல்லை.

யுத்த காலம். தமிழர் பொலிஸில் பதிந்து வாங்கவேண்டிய துண்டை அடையாள அட்டையோடு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கழிப்பறைக்குக்கூடப் போவேன். இரண்டு மாதம் முன்பு கராஜில் நடந்த தேடுதலில், நீளமான சாமான்களையெல்லாம் சந்தேகப்பட்டு எடுத்துப் போனார்கள். டோர்க் ரெஞ்சும் அதோடு போயிற்று. திருப்பிக் கேட்க முதலாளிக்கும் துணிவில்லை, எனக்கும் இல்லை.

அப்படியிருக்கையில் ஒரு காலை, பொலிஸ் ஜீப் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். என்ஜின் தலைக்கடியில் வைக்கிற தகடு, ஹெட் கேஸ்கட், எரிந்திருந்தது. கூட வந்த சார்ஜன்ட் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, துவக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னேரம் பெரிய அதிகாரி ஒருவர் இதில் போகவேண்டும், வழியில் நின்றால் உன்னைத்தான் வந்து கேட்பேன் என்று சிங்களத்தில் சொன்னார். குரலை உயர்த்தவேயில்லை. முதலாளி அன்று ஊரில் இல்லை.

என்ஜின் தலையைப் பிடிக்கிற போல்ட்டுகள் தளர்ந்திருந்தால் தண்ணீரும் புகையும் கசியும். அளவுக்கு மேல் இறுக்கினால் போல்ட் இழுபட்டு, ஓடும்போது முறியும். மற்றக் காலத்தில் அது வேலைப் பிழை, அவ்வளவுதான். அந்த வருடங்களில், தமிழன் இறுக்கிய போல்ட் பொலிஸ் ஜீப்பில் முறிந்தால் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள். ரெஞ்சை உங்கள் ஆட்கள்தான் கொண்டுபோனார்கள் என்று சொல்லவும் முடியாது. கேஸ்கட்டை மாற்றி, போல்ட்டுகளைக் கையால் பூட்டி முடித்தேன்.

எதிரே கைவண்டியில் தொங்கிய தராசு அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒரு மீற்றர் நீளக் கம்பியின் நுனியை எட்டுக் கிலோ பாரத்தில் இழுக்கும் இறுக்கம் வேண்டும் என்று ஜீப்பின் திருத்தப் புத்தகத்தில் இருந்தது. என்னிடம் இருந்த கம்பி அரை மீற்றர். அப்படியென்றால் பதினாறு கிலோ. பேப்பர்காரரிடம் கேட்டேன். அவர் சார்ஜன்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொடுத்துவிட்டு வாசலில் நின்றுகொண்டார்.

கம்பி நுனியில் கொக்கியை மாட்டி, நேர் குறுக்காக இழுத்தேன். நடுப் போல்ட்டில் தொடங்கி, மாறி மாறி வெளிப்பக்கமாக. முதல் சுற்று ஆறு கிலோ, இரண்டாம் சுற்று பதினொன்று. மூன்றாம் சுற்றில் முள் பதினான்கைத் தொட்டபோது போல்ட் ஒரு மாதிரிக் கிறீச்சிட்டது. கை நின்றுவிட்டது.

"தம்பி, இழுக்காதீங்க," என்றார் பேப்பர்காரர்.

"ஏன்?"

அவர் அருகே வந்து குனிந்து, மிகத் தணிந்த குரலில் சொன்னார். "அது சரியான தராசு இல்ல. குறைச்சுக் காட்டும். நான்தான் வில்லை மாத்தி வச்சிருக்கேன்."

"எவ்வளவு குறைக்கும்?"

"அஞ்சு கிலோ போட்டா நாலுதான் காட்டும்."

"அந்தத் தராசைக் கொண்டு வா," என்று தமிழில் ஒரு குரல் கேட்டது. சார்ஜன்ட்தான். மட்டக்களப்பில் வேலை பார்த்தவராம். காலையிலிருந்து நாங்கள் பேசியதெல்லாம் அவருக்கு விளங்கியிருக்கிறது.

பக்கத்து அரிசிக் கடையிலிருந்து படிக்கற்களை எடுத்து வரச் சொன்னார். ஐந்து கிலோவுக்கு நான்கு. பத்துக்கு எட்டு. நிலத்தில் சோக்கால் கணக்குப் போட்டேன். பதினாறுக்கு, முள் பதின்மூன்றுக்குச் சற்றுக் கீழே நிற்கவேண்டும். கிறீச்சிட்ட போல்ட்டைத் தளர்த்தி, திரும்பவும் எல்லாவற்றையும் அந்த அளவுக்கு இறுக்கினேன்.

சார்ஜன்ட் பேப்பர்காரரிடம் அடையாள அட்டை கேட்டார். தோட்டத்தில் பிறந்த பலரைப் போல அவரிடமும் அட்டை இல்லை. தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்த, மடிப்பில் கிழிந்த கடிதம் ஒன்றுதான் இருந்தது. பொலிஸைக் கண்டால் மறுதெருவால் போகிற மனிதர் அவர் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. சார்ஜன்ட் கடிதத்தைப் படித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் ஏறுங்கோ. ஓட்டிப் பாப்பம்."

காலிமுகத்திடல் வரைக்கும் போனோம். சந்திகளில் சனம் எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சார்ஜன்ட் ஓட்ட, நான் வெப்ப முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் பேப்பர்காரர் தராசை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். முள் நடுவில் போய் நின்றது; அசையவில்லை. திரும்பி வரும்போது சார்ஜன்ட் ஜீப்பைக் கிராண்ட்பாஸ் பக்கம் திருப்பினார்.

குறுகிய ஒழுங்கை ஒன்றின் முனையில் நிறுத்தி, பேப்பர்காரரிடம் கடிதத்தை நீட்டினார். அதன் பின்பக்கம் எழுதியிருந்த விலாசம் அது. "இறங்கு," என்றார்.

பேப்பர்காரரின் மனைவி குழாயடியில் நின்றாள். யாரோ முன்பே ஓடிவந்து சொல்லியிருக்க வேண்டும். வாளி நிரம்பி வழிந்தது, அவள் கவனிக்கவில்லை. அவர் இறங்கி வந்ததும் எதுவும் கேட்காமல் அவர் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். ஜீப் என்னோடு கராஜுக்குத் திரும்பிய பிறகும் விட்டிருக்க மாட்டாள்.

ஒரு கிழமை கழித்து அவரைக் கண்டபோது, தராசைப் பற்றிச் சொல்லாமல் இருந்திருக்கலாமே, உங்களுக்கு என்ன என்று கேட்டேன்.

"பேப்பர் விக்கிறவங்க ஒரு கிலோ குறைஞ்சா வீட்டுக்குத்தான் போவாங்க, தம்பி," என்றார். "உங்கள எங்க கொண்டுபோவாங்கன்னு எனக்குத் தெரியும். என் மச்சான அப்படித்தான் கொண்டுபோனாங்க."