ஐப்பசி மழையில் எத்தனை பேர் வருவார்கள்? கல்லிடைக்குறிச்சியில் ஒரு திட்ட மதிப்பீடு

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதத்துப் புதன்கிழமை. ஊர் சுற்றிப் பார்க்கப் போன பயணம் இல்லை இது. சிறுதொழில்களுக்குக் கடன் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில், வருகிற திட்டங்கள் தேறுமா தேறாதா என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. வீடு தச்சநல்லூரில். இதே மாதிரி வேலையாக வெளியூர் கிளம்பப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடும் இருபத்திரண்டு பெண்கள், சிவகாமி என்பவர் தலைமையில் சேர்ந்து, விறகு அடுப்பு வைத்த உலர்த்தும் அறை ஒன்று கட்டக் கடன் கேட்டிருந்தார்கள். மழை நாளில் அப்பளம் காயாது. காயாத நாளில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. என் மேலாளர் கோப்பைப் புரட்டிவிட்டு, 'உளுந்து விலை நிலையில்லாதது, நிராகரிக்கலாம்' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். நேரில் பார்க்காமல் போட மாட்டேன் என்றேன்.

"கல்லிடைக்குறிச்சி அப்பளம் இங்கன கடையிலயே கிடைக்குமேவே. அதுக்குப் பஸ் ஏறணுமாக்கும்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. போயே தீருவது என்று முடிவு செய்தது அந்த நிமிடத்தில்தான்.

ஜங்ஷனில் காலை 6.40-க்குப் பஸ். சேரன்மகாதேவி வழியாக முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம். டிக்கெட் ஏழு ரூபாய் என்று நினைவு. வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், வழியெல்லாம் வயல்தான். நான் ஜன்னலைப் பிடித்தேனே தவிர, வெளியே பார்க்கவில்லை. மடியில் காகிதம், கையில் கால்குலேட்டர். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று உண்டு. அதற்கு ஏசி அறை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எனக்கு முறை கிடைப்பதற்குள் வெள்ளிக்கிழமை போய்விடும்.

நான் போட்ட கணக்குக்குப் புத்தகத் தமிழில் உணர்திறன் பகுப்பாய்வு என்று பெயர். பெயர்தான் மிரட்டும், விஷயம் எளிது. எந்தத் திட்டத்திலும் பாதி எண்கள் ஊகம்தான். அவற்றில் ஒன்றை மட்டும் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, மற்றவற்றை அப்படியே வைத்துப் பார்க்க வேண்டும். எதைத் தொட்டால் திட்டம் ஆடுகிறது, எந்த இடத்தில் விழுகிறது என்று தெரிந்துவிடும். பிறகு அந்த எண்ணை மட்டும் விடாமல் விசாரிக்கலாம். என்னிடம் நான்கு எண்கள் இருந்தன: உளுந்து விலை, விறகு விலை, மழை நாட்கள், வேலைக்கு வரும் பெண்கள். உளுந்து விலையைப் பத்து சதவீதம் ஏற்றினேன். திட்டம் படுத்துவிட்டது. மேலாளர் சொன்னது சரியோ என்று மறுபடி போட்டுப் பார்த்தேன், அதேதான்.

"அண்ணாச்சி, பரீட்சைக்கா போறிய? கல்லிடை வந்துட்டு, பைய இறங்குங்க" என்றார் கண்டக்டர்.

சிவகாமிக்கு நாற்பது வயது இருக்கும். வீட்டு முன்னறையில் நாலைந்து பெண்கள் பலகை போட்டு உட்கார்ந்து அப்பளம் இட்டுக்கொண்டிருந்தார்கள். உளுந்து என்ன விலைக்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டேன்.

"நாங்க எங்க சார் வாங்குதோம்? யாவாரி மாவு குடுத்துருவாவ. நாங்க இட்டு, காயவச்சு, எண்ணிக் குடுப்போம். எங்களுக்குக் கூலிதான்."

விண்ணப்பத்தில் மூலப்பொருள் செலவு என்று ஏன் எழுதினீர்கள் என்றேன்.

"அந்தக் கட்டத்த வெறுமன விடக்கூடாதுன்னு உங்க ஆபீஸ்லதான் சொன்னாவ."

சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக வாங்காத உளுந்துக்கு ஒரு விலை, விற்காத அப்பளத்துக்கு ஒரு விலை! இரண்டையும் அடித்துவிட்டு, இடும் கூலியை மட்டும் வைத்து மறுபடி போட்டேன். விறகு விலையை ஒன்றரை மடங்காக ஏற்றினேன், திட்டம் விழாமல் நின்றது. வருடத்துக்கு அறுபது மழை நாள் என்று எழுதியிருந்ததை நாற்பத்தைந்தாகக் குறைத்தேன், அப்போதும் நின்றது. மணி 11.30. மதியப் பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று எழுந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

பலகையில் இருந்த பெண்களில் மூன்று பேர் மாவை மூடிவைத்துவிட்டு, சாக்கைக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். எங்கே போகிறார்கள் என்றேன்.

"நடவுக்கு. மழை விழுந்துட்டுல்லா" என்றார் சிவகாமி, இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மழை நாளையும் ஆட்களையும் தனித்தனியாகத்தான் நான் அசைத்துப் பார்த்திருந்தேன். இங்கே அவை சேர்ந்தே அசைகின்றன. அறை தேவைப்படுகிற அதே நாளில்தான் ஆட்கள் வயலில் இருப்பார்கள். பஸ்ஸில் ஒரு தடவை தலையை நிமிர்த்தியிருந்தால், சேரன்மகாதேவியிலிருந்தே நடவுக்குக் காத்துக் கிடந்த வயல்களைப் பார்த்திருக்கலாம்.

கூலியைக் கொஞ்சம் கூட்டினால் அறைக்கு வருவார்களா என்று கேட்டேன்.

"நட்டவுகளத்தான் அறுப்புக்குக் கூப்பிடுவாவ சார். அறுப்புக்கு நெல்லு கூலி. இத விட்டா அதுவும் போச்சு. அரிசிக்கு எங்க போவ?"

அடுப்பை ஒரு நாள் மூட்டினால் பதினாறு பேராவது இட வேண்டும். குறைந்தால் விறகுக் காசுகூடத் தேறாது. குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். 12 மணியிலிருந்து 2.30 வரை, ஒரு வீடு விடாமல். வயலுக்குப் போயிருந்தவர்களுக்காக வரப்பிலும் நடந்தேன். பேன்ட் முழங்கால் வரை சேறு. நடவுக் காலத்து மழையிலும் அறைக்கு வருவேன் என்றவர்கள் ஒன்பது பேர், வயலுக்குத்தான் என்றவர்கள் பன்னிரண்டு பேர். சிவகாமியைச் சேர்த்தால் பத்து.

பதினாறு எங்கே, பத்து எங்கே? வந்து சொன்னதும் சிவகாமியின் முகம் சிவந்துவிட்டது.

"ரெண்டு வருசமா அலைஞ்சு எழுதுன மனு சார் இது. காலம்பெற வந்து, எந்தெந்த வழியில இது கெட்டுப்போவும்னு தேடித் தேடிப் பாக்குதிய. நல்லா வர ஒரு வழி பாத்தியளா?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. காகிதத்தை அவர் பக்கம் திருப்பி, அடுப்பு, விறகு, ஆள் என்று ஒவ்வொரு வரியாகக் காட்டினேன். ஆள் என்ற வரியில் விரலை வைத்தார்.

"அறைய பாதியாக் கெட்டுனா?"

போட்டோம். பாதி அறை, ஒற்றை அடுப்பு. எட்டுப் பேர் போதும், பத்துப் பேர் கையில். இரண்டு பேர் குறைந்தாலும் தாங்கும். கடனும் ஏறக்குறைய பாதிதான். புது விண்ணப்பத்தை அங்கேயே எழுதி, அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு சாயங்கால ரயிலில் திரும்பினேன். மறுநாள் மேலாளரிடம் அரை மணி நேரம் சண்டை. எந்த எண்ணில் திட்டம் விழும், எதில் நிற்கும் என்று காட்டக் காட்டக் குரல் தணிந்து, கடைசியில் ரப்பரை எடுத்துத் தன் பென்சில் குறிப்பை அழித்தார். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் சம்பள உயர்வு வந்தபோதுகூட இருந்ததில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இப்படிப்பட்ட திட்டத்தை வெயில் காலத்தில் போய்ப் பார்க்காதீர்கள். மழைக்கான அறையை மழையில்தான் பார்க்க வேண்டும். பழைய செருப்பு போதும். குடை இரண்டாக எடுத்துப் போங்கள், ஒன்றை யாராவது கேட்பார்கள். பஸ்ஸில் கணக்குப் போடாதீர்கள்.

அடுத்த ஐப்பசியில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். நல்ல மழை. அறையில் அடுப்பு எரிந்தது, கம்பி வலைத் தட்டுகளில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. தலையை எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன், ஒன்பதுதான்.

"சிவகாமி எங்கே?"

"அக்கா நடவுக்குப் போயிருக்காவ."

மத்தியானம் முழங்கால் சேறோடு வந்து நின்றார் சிவகாமி. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"ஊரு பூரா குடையப் பிடிச்சிட்டுக் கேட்டிய. என்னைய ஒரு வார்த்தை கேக்கலையே சார்."