மீன் ஏலத்தில் நின்ற சைவக்காரி

காலையில் நீதிமன்றத்துக்குப் புறப்படும் நேரம் ஜெசிந்தா தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா, மிஸ்."

"எந்த அக்கா?" என்றேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. சட்டத்தரணி பரமேஸ்வரி அக்கா, நித்திரையிலேயே மாரடைப்பு. ஒரே அலுவலகத்தில் இருந்த எனக்கு முன்பே மீன் சந்தைக்குச் செய்தி போயிருந்தது. அவரை அறிந்த உங்களுக்கு அது வியப்பாக இராது.

ஜெசிந்தா எங்கள் கட்சிக்காரி. வடகரைச் சந்தையொன்றில் மீன் ஏலம் கூறும் வேலையைக் கேட்டாள். பெண்ணுக்குத் தரமாட்டோம் என்றார்கள். பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்ற சட்டத்தைப் பிடித்து, அக்காவும் நானும் வாதாடி வாங்கிக் கொடுத்தோம். பத்திரிகைக்காரர் எடுத்த படத்தில் நான்தான் நடுவில் நின்றேன்.

முதல் நாள் அவள் பாரை மீனுக்கு விலை கூறினாள். வியாபாரிகள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் பீடி பற்றவைத்தார், இன்னொருவர் கடலைப் பார்த்தார். மறுநாளும் அதே கதை. விற்றால்தான் அவளுக்குக் கூலி. இதைக் கேள்விப்பட்ட அக்கா அடுத்த நாள் விடியவே உடுவிலிலிருந்து ஸ்கூட்டியில் போய் ஏலக் கூட்டத்தில் நின்றார். மீன் மணம் பட்டாலே தலைமுழுகுகிற சைவக்காரி! சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மீனின் பெயர் தெரியாமல், "உந்தப் பெரிசு" என்று கைகாட்டி விலை கேட்டாராம். சந்தையே சிரித்ததாம். ஆனால் மீன் விலைப்பட்டது.

பிறகு அதுவே அவருக்கு வழக்கமாகிவிட்டது. இவர் கேட்டால், வீம்புக்காவது இரண்டொரு வியாபாரிகள் கூட்டிக் கேட்பார்கள். இவர் போகாத நாளில் அவர்கள் ஊமைகள்.

வாங்கிய மீன் என் வீட்டுக்கு வரும். பையை விரல் நுனியில் தூக்கிப் பிடித்தபடி, "இந்தா, உன்ரை கட்சிக்காரியின்ரை பாரை" என்பார். நான் குழம்பு வைத்து ருசித்துச் சாப்பிட்டேன். ஒருநாளும் அவரோடு சந்தைக்குப் போகவில்லை.

அப்போது நாங்கள், பாகுபாட்டுக்கு எதிரான சட்டங்கள் பெண்களுக்கு எவ்வளவு சமத்துவத்தைத் தந்திருக்கின்றன என்று ஒரு மீளாய்வு எழுதிக்கொண்டிருந்தோம். ஜெசிந்தாவின் வழக்கை வெற்றி என்று எழுதினேன். அக்கா வெட்டச் சொன்னார்.

"சட்டம் அவளை விலை கூற விட்டிட்டுது. ஒருத்தரும் வாய் திறக்காட்டி என்ன செய்யிறது? அதையெல்லோ எழுதவேணும்."

"வழக்கை வெண்டிட்டம்தானே அக்கா. மிச்சம் சட்டத்தின்ரை வேலை இல்லை."

"அப்ப ஆரின்ரை வேலை?"

நான் வெட்டவில்லை. வெற்றி என்றே அச்சாகிவிட்டது. அந்தப் பக்கத்தைப் பார்க்க இப்போது எனக்குக் கூசுகிறது.

செத்தவீட்டில் ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "இனி ஆர் மிஸ் வந்து விலை கேக்கிறது?"

"நான் வாறன்" என்றேன். அழுகையோடு சொன்னது. மறுநாள் வழக்கு இருந்தது. அதற்கடுத்த நாள் மழை.

அக்கா எனக்கு விட்டுப்போனது ஏலக் கூட்டத்தில் அவர் நிற்கும் இடத்தை. அங்கே இன்னும் ஒருவரும் நிற்கவில்லை. இன்று காலையும் ஜெசிந்தா விலை கூறியிருப்பாள். நான் வீட்டிலிருந்து இந்த அஞ்சலியை எழுதிக்கொண்டிருந்தேன்.