பாம்புக்குத் துணை

டென்மார்க்கில், எஸ்பியர்க் துறைமுகத்து மீன் தொழிற்சாலையில் வேலைபார்த்த நீக்கிலாஸ், மன்னாரில் இருந்த காலத்தில் பாம்பைக் கண்டால் கையில் அகப்பட்டதைத் தூக்கி எறிகிற ஆள். 1988 யூலையில் அதே ஆள் இரண்டு பாம்புகளுக்குக் காவல் இருந்தார். காலம் செய்த கூத்து, வேறென்ன சொல்ல.

பாம்புகள் வீட்டுக்காரன் ஹென்னிங்குடையவை. மாடியறையை நீக்கிலாசுக்கு வாடகைக்குக் கொடுத்தவன் அவன். மனைவி விக்ரோரியாவை ஊரிலிருந்து அழைப்பதற்கு நீக்கிலாஸ் போட்ட விண்ணப்பத்துக்கு ஒரு வருடமாகியும் பதில் இல்லை. அதைக் கேட்டு டேனிஷில் கடிதம் எழுதித் தருகிறவனும் அவன்தான். அப்படிப்பட்டவன் விடுமுறையில் போகும்போது பாம்புகளைப் பார்த்துக்கொள் என்றால், மாட்டேன் என்றா சொல்ல முடியும்? இரண்டையும் ஒரே பெட்டியில் விடாதே என்றும் சொல்லித்தான் போனான். ஏன் என்று அவன் விளக்கியது நீக்கிலாசுக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை. தலையை மட்டும் நன்றாக ஆட்டிவைத்தார்.

சனிக்கிழமை பின்னேரம் சின்னப் பாம்பின் கண்ணாடிப் பெட்டியில் சூடு தருகிற பல்ப் எரிந்துபோயிற்று. கடைகள் பூட்டியாயிற்று, இனித் திங்கள்தான். கடற்காற்று யூலை என்றும் பாராமல் சில்லென்று அடித்தது. நீக்கிலாசுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூட வேலைபார்க்கும் பேதுருவுக்குப் போன் எடுத்தார்.

"குளிரில செத்துப்போச்செண்டால் ஹென்னிங் என்ன நினைப்பான்? பிறகு ஆர் எனக்குக் கடிதம் எழுதுறது?"

"அப்ப மற்றப் பெட்டிக்குள்ள விடுங்கோ அண்ணை. ரெண்டும் ஒரே சாதிதானே."

"விடவேண்டாம் எண்டல்லோ சொன்னவன்."

"அப்ப விடாதேங்கோ."

"நீ என்னடாப்பா, ரெண்டு பக்கமும் கதைக்கிறாய்?"

கடைசியில் தடித்த கையுறையைப் போட்டு, மாதாவைக் கூப்பிட்டு, சின்னதைத் தூக்கிப் பெரியதின் பெட்டிக்குள் விட்டார். கொஞ்ச நேரத்தில் இரண்டும் விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு படுத்தன. பார்க்கப் பார்க்க அவருக்குக் கண் கலங்கியது. இவ்வளவு நாளும் இதுகளைப் பிரித்துவைத்தானே என்று ஹென்னிங்கின்மேல் கோபம்கூட வந்தது.

ஞாயிறு சாப்பாட்டு நாள். ஒன்றைத் தனியே எடுத்து இரை போடலாமா என்று யோசித்தார். சாப்பாட்டுக்கு இருந்தவரைப் பந்தியிலிருந்து எழுப்புவது அவர் வளர்ந்த இடத்தில் பெரிய அவமரியாதை. ஆகவே அதே பெட்டிக்குள் முதல் எலியைப் போட்டார். இரண்டாவதை எடுக்கத் திரும்புவதற்குள் பெரியது தலைப்பக்கத்தையும் சின்னது வால்பக்கத்தையும் கவ்விவிட்டன. பெரியதின் வாய் எலியைத் தாண்டிச் சின்னதின் தலையை நோக்கி நகர்ந்தது. மனிதர் அலறிக்கொண்டு ஒரு குடம் தண்ணீரை அப்படியே ஊற்றினார். நல்ல காலம், விட்டுவிட்டன. சின்னதைத் துவாயில் சுற்றிப் பழைய பெட்டியிலேயே வைத்தார். நல்லது செய்யப்போய் ஏன் இப்படி ஆனது என்று அவருக்கு விளங்கவேயில்லை.

ஹென்னிங் வந்ததும் நீக்கிலாஸ் ஒன்றையும் மறைக்கவில்லை. அவன் ஏசவும் இல்லை.

"இரண்டு நாள் குளிர் அதை ஒன்றும் செய்யாது" என்றான். "பெரியது அணைத்துக்கொண்டு படுக்கவில்லை, சூடான இடத்தைப் பிடித்துக்கொண்டது. பாம்புக்குத் துணை தேவையில்லை நீக்கிலாஸ். தனிப் பெட்டி, சூடு, சாப்பாடு. அது போதும்."

ஹென்னிங் சொன்னது பாம்பைப் பற்றித்தான், சந்தேகமில்லை. ஆனால் மாடியில் தனக்கும் அதே மூன்றும் இருப்பதை நீக்கிலாஸ் நினைத்தார். கொப்பன்ஹேகனில் தன் விண்ணப்பத்தை வைத்திருக்கிறவர்களும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்களா? அந்தக் கணக்கும் சரியாக இருக்குமா?

ஹென்னிங் தாளும் பேனாவும் எடுத்துவந்து மேசையில் இருந்தான்.

"கடிதம் அனுப்பி நாளாயிற்று. இந்த முறை என்ன எழுத?"

நீக்கிலாஸ் தனக்குத் தெரிந்த அரைகுறை டேனிஷில் மெல்லச் சொன்னார்.

"நான் பாம்பில்லை என்று எழுது."