சவுக்காரம் பூசிய சுறா

எங்கள் விருத்தாசலத்துக்கு வந்து சேரும் சுறாவுக்குத் தலை இருக்காது. வாலும் இருக்காது. மீன் மார்க்கெட்டில் பலகைமேல் சாம்பல் தோலோடு கிடக்கும் துண்டுதான் சுறா. டிவியில் வாயைப் பிளந்துகொண்டு வருவது ஒரு சுறா, பெரியம்மா புட்டு செய்வது வேறொரு சுறா என்று சின்ன வயதில் இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தேன்.

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது தம்பி பிறந்தான். அம்மாவுக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை. தம்பி கொஞ்ச நேரம் சப்பிப் பார்ப்பான், பிறகு வீறிட்டு அழுவான். புட்டிப்பால் கொடுத்தால் கக்கினான். எடை இன்னும் குறைந்தால் கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதிலிருந்து அம்மா யாரோடும் பேசவில்லை. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பூண்டு, முருங்கைக்கீரை, கருவாடு என்று தட்டில் வந்த எல்லாவற்றையும் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

கடைசியில் பெரியம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். மார்க்கெட் துண்டை நம்பக்கூடாது. "துண்டு போட்டுட்டா எந்தச் சுறான்னு எவனுக்குத் தெரியும்? பால் ஊற பால்சுறாதான் வோணும். முழுசா வாங்கியா" என்று மாமாவைக் கடலூருக்கு விரட்டினாள்.

மாமா, அம்மாவுக்குத் தம்பி. பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அச்சு செய்கிறவர். எதைப் பார்த்தாலும் இதற்கு அச்சு எடுத்தால் எப்படி வரும் என்றுதான் அவருக்குத் தோன்றும். எங்கள் வீட்டுச் சுரைக்காய்க்கே எடுத்திருக்கிறார். இப்படிப்பட்டவரிடம் முழு மீனை வாங்கிவரச் சொன்னது பெரியம்மாவின் தப்பு.

விடிகாலை பஸ்ஸில் போனவர் மதியத்துக்குள் ஐஸ் சொட்டும் பையோடு திரும்பினார். எனக்குப் பெரிய ஏமாற்றம். என் கை நீளத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஒல்லி உடம்பு, மேலே சாம்பல், வயிறு வெள்ளை. மூக்கு நீண்டு கூராக இருந்தது. வாய் முன்னால் இல்லாமல் அடியில் இருந்தது, அதன் ஓரங்களில் ஆழமான கோடு. கண் மட்டும் பெரிய உருண்டை. செவுள் மூடி கிடையாது. பக்கத்துக்கு ஐந்து கீறல்கள். வாலில் மேல்பாதி நீளம், கீழ்பாதி குட்டை. தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழவழப்பு, திருப்பித் தடவினால் உப்புத்தாள். இதெல்லாம் எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்பதால் அல்ல. மாமா அச்செடுத்து வார்த்த பீங்கான் சுறா இன்னமும் எங்கள் டிவி பக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

"இது நம்ம ஆத்துல இருக்குமா மாமா?"

"நம்ம ஆத்துல தண்ணியே இல்ல, சுறா கேக்குதா ஒனக்கு? இது கடல்லயே நடுவுல போவாதாம். கரையோரம் கலங்கல் தண்ணில, மணலை ஒட்டியே திரியுமாம். முட்டை போடாதாம், குட்டிதான் போடுமாம். மீன்காரம்மா சொன்னாங்க."

"அதான் புள்ள பெத்தவளுக்கு ஆவுது" என்றாள் பெரியம்மா, எல்லாம் தெரிந்தவளாக.

மீனை அரை மணி நேரம் கடனாகக் கேட்டார் மாமா. பெரியம்மா திட்டிக்கொண்டே மசாலா அரைக்கப் போனாள். மாமா தோட்டத்தில் உட்கார்ந்து, பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, இரண்டு பாதியாக அச்செடுத்தார். பாதிகளைப் பிரித்தபோது ஐந்து கீறலும் அப்படியே பதிந்திருந்தன. மீன் சமையலறைக்குப் போனது.

கொதிக்கிற தண்ணீரில் மீன் வெந்துகொண்டிருந்தபோது நுரை வந்தது. "கடல் மீனு, நுரைக்கத்தான் செய்யும்" என்றாள் பெரியம்மா. மஞ்சள்தூள் போட்டாள். நுரை மஞ்சளாகப் பொங்கியது. கரண்டியால் அள்ளி அள்ளிக் கொட்டினாள், அது அடுப்பை மூடிக்கொண்டு வழிந்தது. பிறகுதான் குனிந்து மோந்து பார்த்தாள்.

"டேய்! என்னாடா தடவுன இதுல?"

வாசலில் நின்ற மாமா நிஜமாகவே புரியாமல் விழித்தார். "சவுக்காரத் தண்ணிதான் பெரியக்கா. தடவாம அச்சு எப்படிப் பிரியும்?"

அச்சுக்காரர்கள் எதன்மேல் பிளாஸ்டர் ஊற்றினாலும் முதலில் சோப்புத் தண்ணீர் பூசுவார்கள். மாமாவின் கை அவரைக் கேட்காமலே அதைச் செய்திருக்கிறது. சொரசொரத் தோல் வேறு, கழுவியும் போகாமல் பிடித்து வைத்துக்கொண்டது. பெரியம்மா கரண்டியை ஓங்கினாள். "எவ்ளோ தூரம் போயி வாங்கியாந்தது, பாவி! அந்தப் பச்சப்புள்ள பசியில கெடக்குதே" என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மாமா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். உள்ளே தம்பி வீறிட்டான்.

அப்போது அறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வுடுக்கா. நான் அத சாப்ட்டிருந்தா புள்ளையத் தனியாக் குளிப்பாட்டற வேல மிச்சம்."

பெரியம்மா ஓங்கிய கரண்டியோடு அப்படியே நின்றாள். அம்மா எழுந்து சமையலறைக்கே வந்து, அடுப்பைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிறகு நிறுத்த முடியாமல். பெரியம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. மஞ்சள் நுரையைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். சிரித்தபடியே அம்மா அழுதாள். எனக்கு பயமாக இருந்தது.

திடீரென்று பெரியம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தாள். அவளை அறைக்கு இழுத்துப்போய் உட்காரவைத்து, தம்பியைத் தூக்கி மடியில் போட்டு, பின்னாலேயே போன எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் அழுகைச் சத்தம் நின்றது. மாமா தோட்டத்துக்குப் போய் அச்சைத் துடைத்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

கதவு சாத்துவதற்கு முன் நான் பார்த்திருந்தேன். அம்மாவின் ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. ஒரு மீன் வீணாய்ப் போனதற்கா இவ்வளவு கண்ணீர் என்று எனக்கு அம்மாமேல் கோபம்தான் வந்தது.