வளைகாப்புக்கு வந்த பிஸ்கெட்

கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் வேலை செய்யும் பிஸ்கெட் கம்பெனிக்குள் நுழைய வேண்டுமானால் முதலில் தலையிலிருக்கும் பூவை எடுத்துவிட வேண்டும். அப்புறம் பொட்டு. ஸ்டிக்கர் பொட்டு மாவில் விழுந்துவிடுமாம். முழங்கை வரை சோப்புப் போட்டு, நகத்தைக் காட்டி, முடியைத் தொப்பிக்குள் அடக்கி, வாயை மூடி, காலுக்கு உறை மாட்டி உள்ளே போனால் என்னைப் பெற்றவளுக்கே என்னை அடையாளம் தெரியாது. தரையில் சோற்றைக் கொட்டி அள்ளிச் சாப்பிடலாம், அப்படி ஒரு சுத்தம்.

பேக்கிங் மேசையில் நிற்கும் எங்களுக்கு அதில் ஒரு கர்வமே உண்டு. ஊரில் யாராவது கேட்டால், "தைரியமா தின்னு. நான் கண்ணால பாக்கறேன், ஒரு முடி வுழாது" என்று அடித்துச் சொல்வோம். சுத்தமாகச் செய்தது உடம்புக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம். எங்களிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. கம்பெனி எவ்வளவு செலவு செய்து விளம்பரம் போட்டிருந்தாலும் எங்களை இந்த அளவுக்கு நம்பவைத்திருக்க முடியாது.

எங்கள் லைனில் ஓடுவது பெண்களுக்கான டயட் பிஸ்கெட். உறையில் ஒரு பெண் இடுப்பில் டேப்பைச் சுற்றிக்கொண்டு சிரிப்பாள். பக்கத்தில் பெரிய எழுத்தில் சர்க்கரை சேர்க்கவில்லை என்று இருக்கும். "இவ பிஸ்கெட்டுன்னு ஒண்ணைத் தின்னே இருக்க மாட்டா" என்று என் பக்கத்தில் நிற்கும் அக்கா ஒவ்வொரு நாளும் சொல்லுவாள், நாங்களும் ஒவ்வொரு நாளும் சிரிப்போம். சிரித்துவிட்டு டீ நேரத்தில் அதையேதான் பிரிப்போம். காலை ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் யாருக்கு நாஷ்டா? இடுப்பு இளைக்கும் என்ற ஆசை வேறு. மதியம் வரை தலை சுற்றிக்கொண்டே இருக்கும். வேலைக் களைப்பு என்று சொல்லிக்கொள்வோம்.

உறை கோணலாக ஒட்டிய பாக்கெட்டுகளை மாதக் கடைசியில் எங்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்துவிடுவார்கள். என் பை நிறைய அது அம்மா வீட்டுக்குப் போகும். பெரியபாளையம் பக்கத்தில் கொஞ்சம் நிலம் வைத்து நெல் போடுகிற வீடு. அண்ணன், அண்ணி, அம்மா மூன்று பேர். ஒரு காலத்தில் பிஸ்கெட் என்றாலே காய்ச்சல்காரர்களுக்கு என்று நினைத்தவள் என் அம்மா. மகள் கம்பெனியில் சேர்ந்த பிறகு தெருவுக்கே அதை எடுத்து நீட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணிக்கு என்னைவிட ஒரு வயதுதான் அதிகம். ஆனாலும் எனக்குக் கல்யாணமாகி முப்பதைத் தாண்டியும் அவளுக்கு நான் பாப்பாதான். கல்யாணமான புதிதில் நல்ல பூசினாற்போல இருப்பாள், உட்கார்ந்தால் ரசித்துச் சாப்பிடுவாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்தால் நமக்கும் பசிக்கும். இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் தங்கவில்லை. மூன்றாவது முறை தங்கியபோது வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அண்ணன் வண்டியில் ஹாரன் அடிப்பதைக்கூட நிறுத்திவிட்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் மாதத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து ரத்தம் எடுத்தார்கள். சுகர் வந்துவிட்டது என்றார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வருவதுதான், சாப்பாட்டில் கவனமாக இருந்தால் போதும் என்றும் சொன்னார்கள். எங்கள் வீட்டில் முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. அன்றைக்கே அம்மா எனக்குப் போன் போட்டாள்.

"சக்கரை இல்லாத பிஸ்கெட்டு உங்க கம்பெனியிலதான பண்றாங்கோ? கொஞ்சம் ஜாஸ்தியா எட்த்துனு வாடி. இனிமே அவளுக்கு சோறே வாணாம்."

"சோறு இல்லாம எப்டிமா?"

"நீ சொம்மா இரு. நெல்லு விக்கிற ஊட்ல வாக்கப்பட்டா தெனமும் சோறு துன்னுனே ஆவணுமா? பிஸ்கெட்டு நம்ம கையால பண்றது. அதைவிட நம்பிக்கையா இன்னா கீது?"

கொண்டுபோய்க் கொடுத்தேன். லைனில் இருந்த எவளைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். அண்ணன் விரலில் குத்திப் பார்க்கிற மெஷின் வாங்கி வந்தான். எண் இறங்கியது. பிஸ்கெட்தான் இறக்கியது என்றாள் அம்மா. அது பட்டினியில் இறங்கிய எண் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வேறு. "மாசமா கீறவ மாதிரியா கீற? வயிறு மட்டும்தான் தெரீது, மத்தபடி சினிமாக்காரி கணக்கா கீற" என்று மெச்சிவிட்டுப் போவார்கள். அதைக் கேட்டு அண்ணி சிரிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து குண்டு குண்டு என்று கேட்டே காது புளித்தவள். முதல் தடவையாக ஒரு கூட்டமே அவள் உடம்பைப் பாராட்டியது, அதுவும் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது. இந்த உலகத்தில் ஒரு பெண் எப்போதுதான் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று யாராவது எழுதிவைத்திருந்தால் காட்டுங்கள், எனக்கும் தெரியவேண்டும்.

ஏழாம் மாதம் முடிகிற நேரத்தில் திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஸ்கேனுக்கு வரச் சொன்னார்கள். அன்று எனக்கு லீவு, நானும் கூடப் போனேன். ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, குழந்தைக்கு மாதத்துக்கு ஏற்ற வளர்ச்சி இல்லை, அம்மாவுக்கு ரத்தமும் குறைவு என்று சொல்லி, பக்கத்து அறையிலிருந்த சிஸ்டரிடம் அனுப்பினார். சிஸ்டருக்கு முன்னால் ஒரு பெரிய வரிசை நின்றது. அவர் நிமிராமலேயே கேட்டார்.

"இன்னாம்மா சாப்புடற?"

"டயட்ல கீறேன் சிஸ்டர்."

"டயட்டுன்னா? காலைல இன்னா, மதியானம் இன்னா, அதச் சொல்லு."

அண்ணி என் முகத்தைப் பார்த்தாள். "பிஸ்கெட்டு."

"மதியானம்?"

"பிஸ்கெட்டு. மோரு."

சிஸ்டர் நிமிர்ந்தார். என் பையில் ஒரு பாக்கெட் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பினார்.

"பொம்பள படத்தப் பாக்கறீங்க, பின்னாடி போட்டுக்கீறத ஒருத்தரும் படிக்கறதில்ல. மொதல் பேரே மைதா. சக்கரை போடலதான், மைதா உள்ள போயி இன்னா ஆவும்? அதுவும் சக்கரையாத்தான் ஆவும். புள்ளைக்குன்னு இதுல இன்னா கீது? கீரை, பருப்பு, சுண்டல், முட்டை, கூட அளவா சோறு. கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு தபா சாப்புடு. வயித்தக் காயப்போடாத. புரியுதா?"

"புரியுது சிஸ்டர்" என்றாள் அண்ணி. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. யார் மேல் என்று தெரியாத கோபம். மைதா மூட்டை ஏற்றிய லாரி எங்கள் கண் முன்னால்தான் தினமும் கம்பெனி கேட்டுக்குள் வருகிறது. டேப் சுற்றிய அந்தப் பெண்ணின் சிரிப்பு அந்த லாரியையே மறைத்துவிட்டது. பஸ்ஸில் பெரியபாளையம் வரும்வரை அதையே நினைத்துக் குமைந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சத்தம் போட்டே சொன்னேன். அம்மா பாக்கெட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவங்கோ பொதுவா அப்டித்தான் சொல்லுவாங்கோ. ரெண்டு தபா வாரிக் குடுத்தது நானு. சோறு துன்னு சுகர் ஏறி, இதுவும் பூட்ச்சுன்னா யாரு பதில் சொல்றது? சிஸ்டரா வரும்?"

அம்மா கெட்டவள் இல்லை, பயந்தவள். நான் பாக்கெட் கொண்டுபோவதை நிறுத்தினேன். அம்மா கடையில் காசு கொடுத்து வாங்கினாள். அண்ணி என்னிடம் போனில், "கொஞ்சம் சாப்புடறேன் பாப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத் தொடர்ந்து ஷிப்ட். நேரில் போக முடியவில்லை.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் கலந்த சாதம் செய்து கொண்டுவருவார்கள். புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று தட்டுத் தட்டாக வரும். வளையல் போட்டு முடித்ததும் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆளுக்கு ஒரு வாய் ஊட்டுவார்கள். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். பாயில் வரிசையாக ஏழு தாம்பாளம். மஞ்சள், குங்குமம், பூ, பழம் எல்லாம் முறைப்படி இருந்தன. சாதம் இருக்க வேண்டிய தட்டுகளில் எங்கள் டயட் பிஸ்கெட் பாக்கெட்டுகள் கோபுரம் கோபுரமாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் அந்தப் பெண் இடுப்பில் டேப்போடு சிரித்தாள்.

"சோறு கொண்டாராதீங்கன்னு சம்பந்திக்கு மொதல்லயே சொல்லிட்டேன்" என்றாள் அம்மா, பெருமையாக. அண்ணியின் அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பெண்ணைக் கொடுத்த இடத்தில் வாயைத் திறக்க முடியாமல் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். வந்திருந்த பெண்கள், "படிச்சவங்கோ ஊடு மாதிரி பண்ணிக்கீறீங்க" என்று பாராட்டினார்கள். கொல்லைப்புறத்திலோ அவர்களுக்காகச் சாதமும் சாம்பாரும் கீரைக் கூட்டும் கொதித்துக்கொண்டிருந்தன.

முதலில் வேப்பங்கொழுந்தில் முடைந்த காப்பு. அடுத்த வளையல் நாத்தனார் போட வேண்டும். பெரியபாளையம் கோயில் கடைத்தெருவிலிருந்து வந்திருந்த வளையல்கார அம்மா ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வைத்திருந்தாள். மாசமாக இருக்கிறவர்களுக்குக் கை வீங்கியிருக்கும், வழுக்கினால்தான் ஏறும் என்று அதைக் கொண்டுவந்திருந்தாள். நான் அண்ணியின் கையைப் பிடித்தேன். பச்சைக் கண்ணாடி வளையல் அழுத்தாமலே உள்ளே போனது. கையை விட்டேன், அதுவும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்து தரையில் விழுந்து உடைந்தது.

"ஐயையோ, அபசகுனம்" என்று பின்னாலிருந்து ஒரு கிழவி சொன்னாள்.

"அபசகுனமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்று நான் கத்தினேன். "கையில சதை இல்ல. அவ்ளோதான்."

வளையல்கார அம்மா அண்ணியின் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். "இம்மாம் வருஷமா வளையல் போடறேன். சோப்புத் தண்ணி வேணாம்னு ஆன கை இதான்" என்று மெதுவாகச் சொன்னாள்.

நான் எழுந்து கொல்லைக்குப் போனேன். ஒரு தட்டில் ஒரு கரண்டி சாதம், அதைவிடக் கூடுதலாகக் கீரைக் கூட்டு, பருப்பு, சுண்டல் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தேன். வாசற்படியில் அம்மா மறித்தாள்.

"வேணாண்டி. புள்ளைக்கு எதுனா ஆச்சுன்னா?"

"ஆயிக்கினு கீதுமா. இப்பவே ஆயிக்கினுதான் கீது. அந்த பிஸ்கெட்ட பேக் பண்றவ சொல்றேன், இதுல ஒண்ணும் இல்ல. வழி வுடு."

அம்மா வழி விட்டாளா, நான் இடித்துக்கொண்டு போனேனா, நினைவில்லை. ஊட்டலாம் என்று ஒரு வாய் பிசைந்தேன். அதற்குள் அண்ணி தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அத்தனை பேர் முன்னால், நலுங்கு மஞ்சள் காயாத கையோடு, குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள். யாரையும் பார்க்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தட்டில் விழுந்தது, அதையும் சேர்த்துப் பிசைந்தாள்.

படிக்கிறவர்கள் பதறக் கூடாது, குழந்தையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் இளைப்பாகத்தான் பிறந்தாள், சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். நான் இன்னும் அதே லைனில்தான் நிற்கிறேன். வயிறு இருக்கிறதே. ஆனால் காலையில் சாப்பிடாமல் ரயிலேறுவதில்லை, பக்கத்து அக்காவையும் விடுவதில்லை. ஊரில் யாராவது கேட்டால், சுத்தமாகப் பண்ணுகிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

அன்று அண்ணி தட்டைத் துடைத்த மாதிரி காலி செய்தாள். அம்மா அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கோபமா அழுகையா என்று தெரியாத குரலில் கேட்டாள்.

"இவ்ளோ பசிய வெச்சிக்கினு ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அண்ணி காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளைக்கு ஆவாதுன்னீங்க அத்தை. அப்புறம் எனக்குப் பசிக்குதுன்னு எந்த வாயால சொல்றது?"